நோவுது என்று நான் சொன்ன பொய்

நான் பிழைக்கமாட்டேன் என்று எங்கள் ஊரில் பலபேர் முடிவுகட்டியிருந்தார்கள். உபதேசியார் என் அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டைப் பாடலாம் என்று என் மாமியாரிடமே கேட்டுவிட்டுப் போனார். சவப்பெட்டிக்குப் பலாப்பலகை எடுத்து வைத்திருந்த ஆசாரி, பிறகு அதில் யாருக்கோ ஊஞ்சல் செய்துகொடுத்தான் என்று கேள்வி. எல்லோருக்கும் ஏமாற்றம்தான். நாலு வருடம் கழித்து, மயிலாடியில் என் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வலது கையால்தான் எழுதுகிறேன். அந்தக் கை இனி எதற்கும் உதவாது என்று சொன்னவர்களும் இருந்ததால் அதையும் சொல்லிவைக்கிறேன்.

அனுதாபம் தேடி எழுதவில்லை. அது எனக்கு அப்போதே வேண்டிய மட்டும் கிடைத்தது. பெரும்பாலும் மட்டி வாழைக் குலைகளாக. எழுதுவதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால் ஐந்து மாதத்தில் ஒன்றரை மாதத்தை வீணாக்கினேன். இன்னொருத்தி வீணாக்கக் கூடாது.

என் பெயர் எஸ்தர். வீட்டுக்காரர் செல்லையாவுக்குக் கல்வேலை. அம்மி, ஆட்டுரல், குழவி என்று கொத்திக் கொடுப்பார். ஒரே மகள் கலியாணமாகி இரணியலில் இருக்கிறாள். எனக்கு லேஸ் வேலை. மடியில் கெட்டியான ஓர் உருளைத் தலையணை, அதன்மேல் குத்திய குண்டூசிகள், ஊசிகளுக்கு நடுவே ஓடுகிற நூற்குச்சிகள், இவ்வளவுதான் எங்கள் தொழில். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் லேஸ் பின்னும் இருபது இருபத்தைந்து பெண்களுக்கு நான் மேற்பார்வை. மாதத்தின் முதல் சனிக்கிழமை சபைக் கோயிலை ஒட்டிய அறைக்குப் பின்னியதை எடுத்துக்கொண்டு எல்லோரும் வருவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு லேஸின்மேல் விரலை ஓட்டுவேன். நூல் அறுந்து முடிந்த இடம் துருத்திக்கொண்டிருந்தால் விரல் நின்றுவிடும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே முடிச்சை அவிழ்த்துப் பின்னுவார்கள்.

ஊரார் முடிச்சையெல்லாம் கண்டுபிடித்த அந்த விரல்தான் ஐம்பத்திரண்டாம் வருடம் ஆனி மாதத்தில், குளிக்கும்போது, என் வலது மார்பின் வெளிப்பக்கத்தில் நின்றது. நெல்லிக்காய்க் கொட்டை அளவு இருக்கும். அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நோகவில்லை. நோகவில்லை என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. நாற்பத்தொரு வயதுக்கு உரிய புத்தி அன்றைக்கு என்னிடம் இல்லை.

தங்கத்திடம் மட்டும் சொன்னேன். தங்கம் எங்கள் லேஸ்காரிகளில் வாய் கூடியவள். கை அதைவிட வேகம். என்னைவிட நாலு வயது இளையவள்.

"நோவு உண்டா அக்கா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன எதுக்குக் கெடந்து வெசனப்படுகிய? நோவாத நோய்க்கு மருந்து தேடுகது துட்டுக்காரிகளுக்க சோலி. தலையாணி அமுக்கியிருக்கும். எனக்குக்கூட இஞ்ச காய்ச்சிருக்கு, பாரும்."

அவள் காட்டியது நெஞ்செலும்பின்மேல் இருந்த ஒரு தழும்பு. லேஸ் பின்னும் பெண்கள் எல்லோருக்கும் அது உண்டு. தலையணையை நெஞ்சோடு அணைத்து நாள் முழுக்கக் குனிந்திருப்பதால் தோல் அங்கே காய்த்துவிடும். அதனால் எங்களில் யாருக்கு நெஞ்சில் என்ன வந்தாலும் பழி தலையணைக்குத்தான். நானும் அப்படியே போட்டேன். தலையணைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் பின்னினேன். கட்டி சுண்டைக்காய் அளவாயிற்று.

புரட்டாசியில் நான் துணி மாற்றும்போது மாமி பார்த்துவிட்டாள். மாமி என்றால் செல்லையாவின் அம்மா, எங்களோடு இருப்பவள். மேல்தோல் ஓரிடத்தில் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தது. "இது என்னதுட்டி?" என்று கேட்டாள். தலையணை என்றேன். மறுநாளே என்னை வர்ம ஆசானிடம் கூட்டிக்கொண்டு போனாள். அடிபட்டால், சுளுக்கினால், எலும்பு விலகினால் எங்கள் பக்கத்தில் முதலில் போவது அவரிடம்தான். நல்ல மனிதர், கெட்டிக்காரர். பெண்களின் உடம்பை அவர் தொடமாட்டார். வந்தவள் உள் அறையில் இருப்பாள். ஆசானின் மனைவி தொட்டுப் பார்ப்பாள். ஆசான் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

"அசையுதா?"

"கொஞ்சம் அசையுது," என்றாள் மனைவி.

"சூடு உண்டா?"

"இல்ல."

"நோவு உண்டா?"

இதை நான்தான் சொல்லவேண்டும். மாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு, வெயிலில் மூன்று மைல் நடந்து என்னைக் கூட்டி வந்திருக்கிறாள். நோகாத ஒன்றுக்காகவா இவ்வளவு பாடு என்று அவள் முகம் சுளிப்பதை நான் மனசுக்குள் பார்த்துவிட்டேன். தங்கம் முன்பு சொன்னதும் காதில் ஒலித்தது. எங்கள் பக்கத்தில் நோய் என்றாலே நோவுதான். நோவு இல்லாதவள் நோய் என்று சொன்னால் சோம்பேறி என்பார்கள்.

"நோவுது," என்றேன்.

"அப்பம் சதவுதான். பட்டுப்போயிருக்கு," என்றார் ஆசான். சதவு என்றால் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுவது. "எண்ணெ தாறேன். நாப்பத்தோரு நாளு பைய தடவணும், அமுக்கப்பிடாது." பிறகு தொண்டையைச் செருமிவிட்டு ஒன்று சொன்னார். "நோவு இல்லாத கட்டியா இருந்தா நான் எண்ணெ தரமாட்டேன் கேட்டியளா. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. நேரே ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுவேன்."

அந்த மனிதர் கதவைத் திறந்தே விட்டார். 'ஆசானே, நோவில்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். மாமி என்ன நினைப்பாள், ஆசான் மனைவி சிரிப்பாளோ என்று யோசித்து வாயை மூடிக்கொண்டேன். எண்ணெய்க் குப்பியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆசானைக் குறை சொல்லி ஊரில் யாராவது பேசினால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். தவறு அவருடையதல்ல.

நாற்பத்தொரு நாளும் ஒருநாள் விடாமல் தடவினேன். பொய்க்கு அவ்வளவு பக்தி. கட்டி நெல்லிக்காயாயிற்று. அக்குளில் நெறி கட்டியது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது செல்லையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேச்சுக் குறைந்த மனிதர். கையைக் கழுவிவிட்டு வந்து, "காலத்த மொத பஸ்ஸு," என்றார்.

மாமிதான் வழிமறித்தாள். மேற்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியில் அறுப்பவர் வெள்ளைக்காரர், ஆண் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏட்டி, நம்ம பாட்டிமாரு மேல்சீலை போடணும்ண்ணு தெருவுல அடிபட்டவிய. சீலையைக் கிழிச்சு எறிஞ்சானுவ. அப்பிடி வாங்குன துணியை ஒரு ஆம்பள முன்னால நீ அவுக்கப் போறியா?"

தோள்சீலைக் கலகத்தின் கதை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மாமியின் குடும்பத்தில் அடிபட்டவர்கள் உண்டு. அவள் சும்மா பேசவில்லை.

"போடுததும் அவுக்கதும் நம்ம இஷ்டம்ண்ணுதானே மாமி அவிய அடிபட்டது. இப்பம் நான் அவுக்கது எனக்க இஷ்டம். சாவ மாட்டேண்ணுதான் அவுக்கேன்."

காலையில் நாங்கள் புறப்படும்போது, கஞ்சிப் பானையும் இரண்டு சேலையும் கட்டிய மூட்டையோடு அவளும் வாசலில் நின்றாள்.

ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் நீளநீளமாக மரப்பெஞ்சுகள். கிழக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்த பெண்கள். மேற்கத்திக்காரிகளின் பேச்சில் பாதி மலையாளம். எல்லோரும் ஒருவரை ஒருவர் என்ன நோய் என்று கேட்டார்கள். வயிறு, பல், காய்ச்சல் என்று சத்தமாகப் பதில் வந்தது. என்னைக் கேட்டபோது நானும், "நெஞ்சு" என்றேன். கேட்டவள், "இருமல் உண்டா?" என்றாள். மார்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதற்கே நான் ஆஸ்பத்திரியில் ஒரு முழு நாளைச் செலவழித்தேன்.

முதலில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. குள்ளமான உருவம், கோட்டயம் பக்கத்துக்காரி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

"வேதனை உண்டோ?"

மாமி பக்கத்தில்தான் இருந்தாள். "இல்லை," என்றேன். "ஒருநாளும் நோவல. ஆசான்கிட்ட பொய் சொன்னேன்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. காகிதத்தில் ஒரு படம் வரைந்து காட்டினாள். மார்பில் பால் சுரக்கிற இடத்தில் உடம்பின் நுண்ணிய அணுக்கள் சில, அடக்கமில்லாமல் பெருகும். அதுதான் புற்று. அது நரம்பைப் போய்த் தொடுகிற வரைக்கும் நோகாது. அதற்குள் தோலைப் பிடித்து இழுக்கும். அக்குள் நெறிக்குப் போகும். அங்கிருந்து எலும்புக்கும் ஈரலுக்கும் போகும். நோவு வருகிறபோது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். "நோகுந்ந கட்டி அதிகமும் வேற வல்லதும் ஆகும். நோகாத்தது வந்நால் அன்னே வரணும்," என்றாள். நோகிற கட்டி பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும், அதையும் காட்டத்தான் வேண்டும், ஆனால் நோகாத கட்டிக்கு ஒருநாள்கூடத் தவணை கொடுக்கக்கூடாது என்று விளக்கினாள்.

பிறகு பெரிய டாக்டர் வந்தார். ஒல்லியான வெள்ளைக்காரர். தமிழை வேதப்புத்தகத்திலிருந்து படித்தவர் போலிருக்கிறது. "ஸ்திரீயே, பயப்படாதேயும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முதுகில் ஒரு கையை வைத்து இன்னொரு கை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். நுரையீரலுக்கும் ஈரலுக்கும் நோய் போயிருக்கிறதா என்று பார்ப்பதாம். திரைச்சீலைக்கு வெளியே செல்லையா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். டாக்டர் போனதும் உள்ளே வந்து, "தட்டிப் பாத்துட்டுதான் உளி வைக்காரு. நல்ல பணிக்காரரு," என்றார். கல்லில் உள்விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் அவர் வேலை தொடங்கமாட்டார். வெள்ளைக்காரர் மேல் அவருக்கு நம்பிக்கை வந்தது அந்தத் தட்டலில்தான்.

கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பதில் எழுதவேண்டும். ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாள்தான் எல்லாவற்றிலும் மோசம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் வீட்டார் சமைப்பதற்கு வரிசையாக ஓலைக் கொட்டகைகள். மாமி அதில் ஓர் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். காணம் என்கிற கொள்ளுத் துவையலும் கஞ்சியும், ஒருநாள் நெத்திலி அவியலும் வரும். மூன்றாம் நாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "நான் பக்கத்துல இருந்ததுனாலயா ஆசான்கிட்ட அப்பிடிச் சொன்ன?" என்றாள். நான் கஞ்சியைக் குடித்தேன். அவள் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். கலியாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை.

பதில் வந்தது. புற்றுதான். அந்தப் பக்கத்து மார்பையும் அதற்கு அடியிலுள்ள தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்றார்கள்.

"கை?" என்று கேட்டேன்.

"கை இருக்கும்," என்றாள் டாக்டரம்மா. "பக்ஷே பழைய மாதிரி உயராது. வீங்கும். நீங்கள் பாடுபடணும்."

எனக்குப் பயமாக இருந்தது. மறைக்கமாட்டேன். கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். மார்புக்காக அழவில்லை, அது தன் வேலையை முடித்துவிட்டது. லேஸ் பின்னுவதற்கு இரண்டு கையும் ஒரேபோல ஓடவேண்டும். ஒரு கை பின்தங்கினால் நான் மேற்பார்வைக்காரியும் இல்லை, பின்னுகிறவளும் இல்லை, மூலையில் கிடக்கிற ஒருத்தி. சாவுக்கு அடுத்தபடி நான் பயந்தது அந்த மூலைக்குத்தான். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து, நாளைக்கே அறுங்கள் என்றேன்.

"நாங்கள் உமக்கு நித்திரை வரப்பண்ணுவோம்," என்று பெரிய டாக்டர் சொன்னதும் மூக்கின்மேல் ஒரு மூடியை வைத்ததும் நினைவிருக்கிறது. ஈதரின் வாடை. எண்ணச் சொன்னார்கள். நான் நூற்குச்சிகளை ஜோடி ஜோடியாக எண்ணினேன். பதினொன்றாவது ஜோடியில் எல்லாம் போய்விட்டது.

விழித்தபோது நெஞ்சின்மேல் கல்லை ஏற்றியது போலக் கட்டு. விலாவிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கீழேயிருந்த குப்பிக்குப் போயிற்று. உள்ளே ஊறும் நீர் அதன் வழியாக வடியவேண்டும். இரண்டு நாள் வாந்தி. அப்போதுதான் நோவு வந்தது, வட்டியும் முதலுமாக. பொய் சொன்னவளுக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் டாக்டரம்மா என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுவதுபோல மெல்ல மெல்ல மேலே ஏற்றவேண்டும். முதல்நாள் என் விரல்கள் தோள்வரைகூட ஏறவில்லை. நின்ற இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் அரைவிரல் மேலே இன்னொரு கோடு. வெள்ளைச் சுவரைக் கெடுக்கிறேன் என்று நர்ஸ் சத்தம்போட்டாள். "வெள்ளையடிச்சா போவும், எனக்க கை போனா வருமா?" என்றேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றாள். தையல் இழுக்கும், கண்ணீர் தானாக வடியும். நான் ஒருநாள்கூட முந்தைய கோட்டுக்குக் கீழே கோடு போட்டதில்லை.

புண் ஆறியதும் அக்குளில் ரேடியம் வைத்தார்கள். ரேடியம் என்பது கண்ணுக்குத் தெரியாத கதிரை விடுகிற ஓர் உலோகம். மிச்சமிருக்கும் புற்றை அது சுட்டுவிடுமாம். அதைச் சின்னச்சின்ன ஊசிகளுக்குள் அடைத்து, ஈயப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். அந்த ஊசிகளைத் தோலுக்கடியில் செருகி ஒரு வாரம் அப்படியே விடவேண்டும். ஒவ்வொரு ஊசியின் காதிலும் ஒரு பட்டுநூல் தொங்கும், பிறகு உருவி எடுப்பதற்காக. பெரிய டாக்டர் நூலை முடிந்ததைக் குனிந்து பார்த்தேன். "ஐயா, இந்த முடிச்சு அவுந்துபோவும். இன்னொரு சுத்து சுத்தணும்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அந்த வாரம் முழுவதும் என்னைத் தனி அறையில் போட்டிருந்தார்கள். யாரும் என் பக்கத்தில் வரக்கூடாது, கதிர் அவர்களையும் தாக்கும். மாமி வாசல்படிக்கு வெளியே நின்று தினமும் ஊர்க்கதை சொல்வாள். வார்டில் படுத்திருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிற சத்தத்தில் சொல்வாள். எங்கள் கதையெல்லாம் வார்டு முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள். என் காதிலிருந்ததை விற்றது நாங்கள் கொடுக்க நினைத்ததில் பாதிக்குத்தான் கண்டது. மீதிக்குச் செல்லையா இரண்டு மாதம் கழித்து மாட்டுவண்டியில் ஓர் அம்மியும் ஆட்டுரலும் கொண்டுபோய்ச் சமையல் கொட்டகையில் இறக்கினார். அவற்றை அவர் யாருக்கும் கொத்தியதைவிட நன்றாகக் கொத்தியிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்வை நேரே ரவிக்கைக்குப் போகும், அங்கிருந்து தரைக்குப் போகும். மாமிக்கு இது பொறுக்கவில்லை. இலவம்பஞ்சை அடைத்து, ரவிக்கையின் வலதுபக்கத்துக்கு அளவாக ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தாள். அழகான தையல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் முழுக்க அது இடம் மாறிக்கொண்டேயிருந்தது. திங்கட்கிழமை லேஸ் தலையணையை எடுத்தபோது மிச்சமிருந்த ஊசிகளைக் குத்தி வைக்க ஒன்றும் அகப்படவில்லை. மாமி தைத்த மெத்தையை எடுத்து அதில் குத்தினேன். அது அந்தச் சோலிக்கென்றே தைத்ததுபோல இருந்தது. மாமி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள், தன் ரவிக்கை கிழிசலைத் தைக்க ஊசி வேண்டி வந்து, அந்த மெத்தையிலிருந்தே எடுத்தாள். எடுக்கும்போது சிரிப்பை அடக்கமுடியாமல் அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் ஒருபக்கம் தட்டையாகத்தான் போகிறேன், வருகிறேன். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆறாவது மாதச் சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா எனக்கு மிஞ்சிய மார்பை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். மாதவிலக்கு முடிந்து நாலைந்து நாளில், குளிக்கும்போது. சோப்பு நுரையோடு, விரல் நுனியால் கிள்ளாமல், விரல்களின் தட்டையான பகுதியை வைத்து, வெளியிலிருந்து உள்ளே வட்டமாக. பிறகு அக்குள்வரைக்கும். கட்டியோ, குழியோ, காம்பு உள்ளே இழுத்திருப்பதோ, அதில் நீர் கசிவதோ இருந்தால் உடனே வரவேண்டும்.

"இதை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் இவிடே இருந்து யாரோட சொல்லும்?" என்றாள். "உங்க விரல்தானே முடிச்சு நோக்குந்நது."

அடுத்த முதல் சனிக்கிழமை அறையின் மூலையில் ஒரு கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டேன். லேஸை வாங்குவதற்கு முன் ஒவ்வொருத்தியும் திரைக்குப் பின்னால் போய்த் தன் மார்பைத் தானே சோதித்துவிட்டு வரவேண்டும். எப்படி என்று நான் சொல்லித்தருவேன். சோதிக்காதவளின் லேஸை வாங்கமாட்டேன் என்றேன். அப்படி ஒரு விதியைப் போட எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், பிறகு போனார்கள்.

இரண்டாவது மாதம் உபதேசியார் வாசலில் வந்து நின்றார்.

"எஸ்தரம்மா, ஜெபம் பண்ணுக எடத்துல மாரைப் பத்திப் பேசுகது நல்லாயில்ல. சபைப் பெரியவங்க சங்கடப்படுகாங்க."

"உங்க அம்மைக்கு மாரு இல்லாமலா நீங்க வளந்திய?" என்றேன். "எனக்க அடக்கத்துக்குப் பாட்டு தேடுனீயல்லா, அதை வச்சிருங்க. இந்தத் திரையை எடுத்தா அந்தப் பாட்டு இன்னும் நாலு வீட்டுல பாடவேண்டிவரும்."

அவர் போய்விட்டார். திரை இருந்தது. அதற்கப்புறம் அவர் மனைவியும் அக்காவும் வேலிப்பக்க வழியாக வந்து சோதித்துவிட்டுப் போனார்கள். லேஸுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஐம்பத்துநாலாம் வருடம், எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராட்டம் நடந்து பஸ்கள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த நாட்கள். அப்படி ஒரு முதல் சனிக்கிழமை தங்கம் திரைக்குப் பின்னால் போனாள். வழக்கமாக இரண்டு நிமிடத்தில், "ஒண்ணும் இல்ல, துட்டைத் தாரும்," என்று வெளியே வருவாள். அன்றைக்கு வரவில்லை. நான் எழுந்து உள்ளே போனேன். ரவிக்கையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன தங்கம்?"

"ஒரு சின்னது இருக்கு அக்கா. தலையாணி பட்டதாயிருக்கும்." திரும்பாமலேயே சொன்னாள். "நோவுது."

அந்தத் தொனியை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஆசானுக்கு நான் சொன்ன அதே சொல், அதே அவசரம். என் விரல் முடிச்சில் நிற்பதுபோலக் காது அந்தச் சொல்லில் நின்றுவிட்டது. அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"எனக்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. நோவுதா?"

தங்கம் வாயாடி. ஊரில் யாரிடமும் பதில் இல்லாமல் நின்றவள் இல்லை. அன்றைக்கு அவள் ரவிக்கையின் கடைசிக் கொக்கியைத் தேடிக்கொண்டு நின்றாள்.

"இல்ல அக்கா," என்றாள். "கொஞ்சங்கூட நோவல."

அவள் லேஸை நான் விரல் வைத்துப் பார்க்கவேயில்லை. அப்படியே வாங்கி வைத்தேன். பஸ் ஓடவில்லை. செல்லையா வண்டிக்காரனைக் கூப்பிட்டு வந்தார். மாமி கேட்காமலேயே கஞ்சிப் பானையைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

தங்கத்தின் கட்டி அரைநெல்லிகூட இல்லை. அக்குளுக்குப் போகுமுன்பே அறுத்துவிட்டார்கள். கட்டியைக் கண்டபிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதில் என்னைவிட ஐந்து மாதம் முந்திக்கொண்டாள். இந்த வருடம், எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த மாதத்தில், இரண்டுபேரும் சேர்ந்து சோதனைக்குப் போனோம். ஆஸ்பத்திரி முழுக்கப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். அந்த வார்டில் அந்த ஒரு சுவர்த்துண்டை மட்டும் டாக்டரம்மா அடிக்கவிடவில்லை. என் கரிக்கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றின் பக்கத்தில் தங்கத்தின் கோடுகள். அவளுடைய கடைசிக் கோடு என் கடைசிக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது.

"பாத்தீயளா?" என்றாள் தங்கம்.

எனக்குக் கோபமாக வந்தது. மறுநாள் காலை எழுந்ததும் அடுக்களையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.